குலவைக்கு மூச்சு பத்தல

முளைப்பாரி கிளம்பும்போது முதல் குலவை யாருடையது என்பதில் ராஜபாளையம் வட்டாரக் கிராமங்களில் யாருக்கும் சந்தேகம் வராது. தெருவுக்கு ஒரு குலவைக்காரி இருப்பார். அவர் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாக்கு இடமும் வலமும் அடிக்க, ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டே போவார். கொட்டுக்காரர் ஒரு சுற்று அடித்து முடிக்கும்வரை சத்தம் அறுபடாது.

அப்படிப் பேர் வாங்கிய ஒருவரை ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பொங்கலில் பார்த்தேன். எழுபதை நெருங்கும் வயது. குலவை எடுத்தார். பாதியில் அறுந்தது. மறுபடி எடுத்தார். இந்தத் தடவை இருமல் வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மூச்சு பத்தலய்யா. வயசாயிருச்சுல்ல."

பக்கத்தில் நின்ற மருமகள் குலவையை வாங்கிக்கொண்டார். ஊர்வலம் நகர்ந்தது. பாட்டி ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

குடம் தூக்குவீர்களா என்று கேட்டேன். "எங்க... நாலு வீடு தள்ளி வந்தாலே இறக்கி வச்சிட்டு நிப்பேன்." எத்தனை வருஷமாக? "அது ஆச்சு, ஒரு ஆறேழு வருஷம்." டாக்டரிடம் காட்டினீர்களா? என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுக்குப் போயா?"

பேச்சுவாக்கில் இரண்டு விவரங்கள் வந்தன. பத்து வயதில் அடுப்படிக்குள் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நூற்பாலையில் ரீலிங் பிரிவில் 14 வருஷம் வேலை பார்த்தவர். இந்த இரண்டையும் அவர் மூச்சோடு சேர்த்துச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அவையெல்லாம் பழைய கதை, மூச்சு வாங்குவது மட்டும் வயசு.

வயசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வீடுகளில் நடப்பதே இல்லை.

வயசு எடுத்துக்கொள்வது எவ்வளவு?

பிறந்த பிறகும் வருஷக்கணக்கில் வளர்கிற உறுப்பு நுரையீரல். பெண்களுக்கு 20 வயது வாக்கில் உச்சம் தொடும். கொஞ்ச காலம் அங்கேயே நிற்கும். அப்புறம் இறங்குமுகம்தான். மூச்சை நிறைய இழுத்து, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்பதுதான் நுரையீரல் மருத்துவர்கள் முதலில் பார்க்கும் கணக்கு. பீடி, சிகரெட் தொடாத, நோய்நொடி இல்லாத ஒருவருக்கும் அது ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே வரும். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் கொள்கிற அளவுதான். ஆனால் வருஷா வருஷம் ஒரு சங்கு. நாற்பது வருஷத்தில் ஒரு லிட்டரை நெருங்கிவிடும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இளமையின் உச்சத்திலேயே ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் மூச்சின் முதல். வாட்டசாட்டமான ஆணுக்கு நாலு லிட்டர் இருக்கும். நாலில் ஒன்று போவதும் இரண்டரையில் ஒன்று போவதும் ஒன்றாகுமா? போதாக்குறைக்கு, நுரையீரலின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் பெண்ணின் மூச்சுக்குழாய்கள் ஆணுடையதைவிடக் குறுகலானவை. தூசியோ சளியோ அடைத்தால் அங்கே சீக்கிரம் அடைக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். நுரையீரல் ஒரு ரப்பர்போல விரிந்து, தானாகச் சுருங்கவேண்டிய உறுப்பு. வயதானால் அந்தச் சுருங்கும் விசை தளர்கிறது. ஊதி முடிப்பதற்குள்ளேயே கடைக்கோடிச் சிறு குழாய்கள் மூடிக்கொள்கின்றன, காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு இறுகிப்போகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசை வலு இழக்கிறது. மொத்தக் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. தொட்டி அதே தொட்டிதான். அடியில் தேங்கும் பழைய தண்ணீர் கூடிவிடுவதால் புதுத் தண்ணீருக்கு இடம் குறைகிறது.

இவ்வளவு நடந்தும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று போதும். வயசு மட்டுமே காரணமாக இருந்தால் ஆடித்தேர் பின்னால் ஓட முடியாமல் போகலாம், குலவை நீளம் குறையலாம். ஆனால் சமதரையில் நாலு வீடு நடப்பதற்குள் குடத்தை இறக்கிவைத்து நிற்க வேண்டிய நிலைமையை வயசு மட்டும் கொண்டுவராது. அங்கே வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வயசு செய்யும் இன்னொரு வேலை, சத்தமில்லாமல் நடப்பதால் கூடுதல் ஆபத்தானது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூளை மணி அடித்து மூச்சை வேகப்படுத்த வேண்டும். முதுமையில் அந்த மணியின் சத்தம் மங்கிவிடுகிறது. இருமும் அனிச்சையும் மந்தமாகிறது. அதனால் பாட்டிகளுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் முன்னால் வராமல், சோறு வேண்டாம் என்பதும், பேச்சு குழறுவதும், பகலிலேயே தூங்கி வழிவதும் முதலில் வருவதுண்டு. "ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்காங்க" என்று வீட்டில் சொல்வார்களே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாதவிடாய் நிற்பதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பல பெண்களே கேட்பார்கள். ஐரோப்பாவில் 1,438 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, ஊதித் தள்ளும் மொத்தக் காற்றின் அளவு மற்றவர்களைவிட ஆண்டுக்கு 12.5 மில்லிலிட்டர் கூடுதலாகக் குறைந்தது. தினம் 20 சிகரெட் வீதம் பத்து வருஷம் புகைத்தால் ஆகும் சேதத்துக்கு இணை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். அந்தக் கணக்கை அப்படியே தூக்கி நம் ஊரில் வைக்க முடியாதுதான். ஆனால் இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் ஐரோப்பியப் பெண்களைவிட முன்கூட்டியே, 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அதோடு எலும்பு தேய்கிறது. கூன் விழுகிறது. கூன் என்றால் நமக்கு நடை அழகு கெட்டது மட்டும்தான் தெரியும். மார்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கி அமுங்கினால் நுரையீரல் கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் போய்விடும் என்று 1990-லேயே அளந்து சொன்னார்கள். பல பாட்டிகளுக்கு அப்படி நொறுங்கியதே தெரியாது. 'முதுகுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துப் படுத்திருப்பார்கள்.

அடுப்படியில் போனது

பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு ஊதாங்குழல் கிடந்தது. முழ நீள இரும்புக் குழாய். வாய் வைக்கும் பக்கம் தேய்ந்து பளபளவென்று இருந்தது, நெருப்புப் பக்கம் கரி. எடுத்து ஊதிக் காட்டச் சொன்னேன். அடுப்பு எரியாமலேயே பழக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

கவனித்துப் பார்த்தால் புரியும். ஊதுவதில் கேடு குறைவு. ஊதி முடித்ததும் அடுத்த மூச்சை எங்கே எடுக்கிறார்? குனிந்த இடத்திலேயே, புகை கிளம்பும் அந்த முதல் நொடியில், நெஞ்சு நிறைய எடுக்கிறார். பருத்திமார் ஈரமாக இருந்தால் இன்னும் பலமாக ஊத வேண்டும், இன்னும் ஆழமாக இழுக்க வேண்டும். கருவேல விறகு, வறட்டி, தென்னை மட்டை என்று இந்தக் கரிசல் பூமியில் கிடைத்ததெல்லாம் அடுப்புக்குள் போயிருக்கிறது. அத்தனை புகையும் ஓட்டு வீட்டு அடுப்படியில், கதவு உயரத்துக்குக் கீழேதான் நின்றிருக்கிறது.

இந்தப் புகை நுரையீரலை என்ன செய்கிறது என்பதை நம் மாநிலத்திலேயே அளந்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், 30 வயது கடந்த, புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களை போரூர் ஸ்ரீராமச்சந்திரா குழுவினர் ஊத வைத்துப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் (ஆங்கிலச் சுருக்கத்தில் சி.ஓ.பி.டி. என்பார்கள்) 2.44 சதவீதம் பேருக்கு இருந்தது. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் அது 3 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியலாம். முப்பது வயதுக்காரிகளையும் சேர்த்து எடுத்த சராசரி அது. பீடி பிடித்த ஆண்களுக்கு வரும் நோய் என்று நினைத்திருந்த ஒன்று, பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களிடம் இருக்கிறது என்பதுதான் செய்தி. வீட்டுக்குள் எரியும் புகையால் உலகம் முழுக்க 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கேஸ் வந்துவிட்டதே என்பீர்கள். தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்புத் திட்டம் 2007-ல் வந்தது, மத்திய அரசின் உஜ்வாலா 2016-ல். நம் பாட்டிக்கு 2007-ல் வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. நாற்பது வருஷப் புகை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. இப்போதும் காபிக்கும் குழம்புக்கும்தான் கேஸ். குளிக்க வெந்நீருக்கும் விசேஷத்துச் சோற்றுக்கும் கொல்லையில் மூன்று கல் வைத்த அடுப்பு இருக்கிறது. சிலிண்டர் விலையைக் கேட்டால் அதற்கான காரணமும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் கிண்டினால்தான் அந்த ருசி என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த ருசிக்கு அடிமைதான். ஆனால் அந்த அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவருக்கு ஒரு புகைபோக்கியும் வெளியேற்றும் மின்விசிறியும் வைத்தால் பால்கோவா ருசி மாறிவிடாது.

பஞ்சு பறந்த வருஷங்கள்

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு இந்த வட்டாரம் நூலில் வளர்ந்தது. பக்கத்தில் சத்திரப்பட்டி விசைத்தறிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் என்று ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கிறது. பெண்கள் கையில் சம்பளம் வந்ததும், பிள்ளைகள் படித்ததும் பஞ்சால்தான். அதை மறைத்துவிட்டு எழுதினால் நன்றிகெட்ட வேலை.

அதே பஞ்சின் தூசிக்கு மருத்துவத்தில் ஒரு நோயே உண்டு. பிசினோசிஸ் என்பார்கள். பருத்திச் செடியின் சருகுத் துணுக்குகளும், அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுகின்றன. இதன் அடையாளம் விசித்திரமானது. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுகும், இருமல் வரும், இழுக்கும். அடுத்தடுத்த நாள் சரியாகிவிடும். மேலைநாடுகளில் ஞாயிறு லீவு என்பதால் 'திங்கள்கிழமைக் காய்ச்சல்' என்றே பேர் வைத்தார்கள். நம் மில்களில் வார லீவு ஆளுக்கொரு நாள் என்பதால் இந்த ஒழுங்கு யார் கண்ணிலும் படாமல் போக வாய்ப்பு அதிகம். பாட்டியிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "லீவு முடிஞ்சு போனா மொத நாள் ஒரு மாதிரி அடைக்கும்யா. வெல்லம் தின்போம். சரியாப் போயிரும்."

புளோ ரூம், கார்டிங் போன்ற தொடக்கப் பிரிவுகளில் தூசி அதிகம். ரீலிங், கோன் வைண்டிங் பக்கம் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலை பல இடங்களில் பெண்களுக்குத்தான் வரும். அமெரிக்கா 1978-ல் நூற்புப் பிரிவுகளில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் பிசினோசிஸ் இருக்கிறது. பட்டியலில் இருந்து என்ன? மில்லை விட்டு 25 வருஷம் கழித்து மூச்சு வாங்கும் பெண்ணிடம் எந்தச் சீட்டு இருக்கிறது? எக்ஸ்ரேயில் இந்த நோய்க்கென்று தனி அடையாளமும் கிடையாது.

இதில் ஒரு நல்ல செய்தி சீனாவிலிருந்து வருகிறது. ஷாங்காய் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டாலைத் தொழிலாளர்களையும் 1981-லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். வேலையை விட்டு, தூசியிலிருந்து விலகிய பிறகு பஞ்சாலைக்காரர்களின் நுரையீரல் ஓரளவு தேறியது. புகைக்காதவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நம் மில் பெண்கள் புகைக்காதவர்கள். ஆனால் தூசியை விட்டு வீட்டுக்கு வந்தவர்கள் நேராகப் போய் உட்கார்ந்தது எந்த இடத்தில்? விறகு அடுப்புக்கு முன்னால்.

ஊதிப் பார்த்தால் தெரியும்

2001-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அமெரிக்க, கனடா மருத்துவர்கள் 192 பேரிடம் ஒரே நோய்க்கதையைக் கொடுத்தார்கள். சிலருக்கு அது ஆணின் கதை, சிலருக்குப் பெண்ணின் கதை, மற்றதெல்லாம் ஒன்று. ஆண் என்றபோது சுமார் 65 சதவீதம் பேர் சி.ஓ.பி.டி. என்றார்கள். பெண் என்றபோது 49 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். ஊதிப் பார்த்த பரிசோதனை முடிவைக் காட்டியதும் இந்த வித்தியாசம் குறைந்தது. படித்த டாக்டர்களுக்கே இப்படி என்றால் வீட்டில் இருக்கும் நம்மை என்ன சொல்ல?

அந்தப் பரிசோதனையின் பெயர் ஸ்பைரோமெட்ரி. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்த காலத்திலிருந்து இருக்கிறது. அவர் அளந்தது பெரும்பாலும் ஆண்களைத்தான். இன்றைக்கு அது கையடக்கக் கருவி. மூக்கில் ஒரு கிளிப். நெஞ்சு நிறைய இழுத்து, குழாயை உதட்டால் கவ்வி, ஒரே மூச்சில் ஊத வேண்டும். டெக்னீசியன் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார். ஆறு நொடியாவது நீடிக்க வேண்டும். குலவை போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. மருந்து இழுக்க வைத்து மறுபடி ஒரு முறை ஊதச் சொல்வார்கள். மருந்துக்கு எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்து ஆஸ்துமாவா, நாள்பட்ட அடைப்பா என்று ஓரளவு பிரிக்கலாம்.

முடிவைப் படிப்பதிலும் வயசு விளையாடும். முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு என்பது எளிய விதி. எழுபது வயதில் நோயில்லாதவருக்கும் அது தானாகவே அந்தக் கோட்டுக்கு அருகில் இறங்கிவிடும். அதனால் வயது, உயரம், பால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 95 வயது வரைக்குமான உலகளாவிய கணக்கு 2012-ல் வந்திருக்கிறது. மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரலும் இல்லை. இதயம், ரத்தசோகை, பழைய காசநோய்த் தழும்பு என்று எதுவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். போன லிட்டர் முழுதாகத் திரும்பாது. போய்க்கொண்டிருக்கும் வேகத்தைக் குறைக்கலாம். வெந்நீர் அடுப்பைக் கேஸுக்கோ ஹீட்டருக்கோ மாற்றுவது முதல் மருந்து. இன்ஹேலர் என்றால் "பழகிப்போயிரும்" என்று பயப்படுகிறார்கள். மாத்திரையில் உடம்பு முழுக்கச் சுற்றும் மருந்து இதில் நேராகப் போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சமாகப் போகிறது, அவ்வளவுதான். விரல் மடங்காத பாட்டிகளுக்கு ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டிக் கொடுத்தால் இழுப்பது சுலபம். விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விட்டால் மாட்டிக்கொண்ட காற்று வெளியேறும். தினமும் நடப்பது உதவும். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தசையும் போய்விடும். வருஷம் ஒரு ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேட்க வேண்டும்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறது. அதே பெண் தன்னார்வலர் "நாலு வீடு நடந்தா நிக்கிறீங்களா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், இந்த மாவட்டத்தில் பல பாட்டிகள் கணக்கில் வருவார்கள் என்பது என் கட்சி.

அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. போன புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் அம்மா எத்தனை இடத்தில் உட்கார்ந்தார், அதற்கு முந்தின வருஷம் எத்தனை இடத்தில் என்று யோசித்துப் பாருங்கள். கூடியிருந்தால் விருதுநகரோ மதுரையோ, நுரையீரல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஓ.பி. சீட்டு எழுதும்போது "மூச்சு வாங்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வயதில் அடுப்படிக்குள் போனார், என்ன விறகு, மில்லில் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். "இதுக்குப் போயா?" என்று அம்மா சொல்வார். சொல்லட்டும், கூட்டிக்கொண்டு போங்கள்.